மைமூன் டாக்டரம்மாவும் வலையில் சிக்கிய நல்லதும்

காலையில் பால் சொசைட்டிக்குப் போய்விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேலப்பாளையத்திலிருந்து அபூபக்கர். "லாத்தா மௌத்தாயிட்டா அண்ணாச்சி. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் எடுக்கோம்," என்றார். மைமூன் மேடத்தின் தம்பி அவர். பல மாதங்களாக அக்காளைச் சிகிச்சைக்கு அழைத்துக்கொண்டு மதுரைக்கும் திருநெல்வேலிக்குமாக அலைந்தவர். அக்காள் இறந்த செய்தியைக் குரல் உடையாமல்தான் சொன்னார். "சரி தம்பி" என்று போனை வைத்தேன். வீட்டுக்காரியிடம் சொல்லலாம் என்று அடுப்படிக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவள் அடுப்பை அணைத்துவிட்டாள்.

நம் சங்க மலருக்கு டாக்டர் மைமூனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவரோடு ஒரே மாட்டாஸ்பத்திரியில் அதிக காலம் குப்பை கொட்டியவன் நான் என்பதுதான் காரணம். அவர் மருத்துவர், நான் கால்நடை ஆய்வாளர். பதவியில் அவர் மேலே, வயதில் நான் மேலே. அதனால் நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். 'அன்னார் ஆற்றிய அரும்பணி' என்று தொடங்குகிற எழுத்தெல்லாம் எனக்கு வராது. இதை வாசிக்கிற உங்களில் பலர் அவரோடு ஒரு தடவையாவது சண்டை போட்டிருப்பீர்கள், பிறகு சமாதானமும் ஆகியிருப்பீர்கள். உங்களிடம் ஜோடித்துச் சொல்ல என்ன இருக்கிறது? உள்ளதை எழுதுகிறேன்.

சண்டைக்கெல்லாம் காரணம் அவர் வாய்தான். சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றுக்குத் தென்கரையில் எங்கள் ஆஸ்பத்திரி. அவர் மாற்றலாகி வந்த புதிதில் ஒரு சம்சாரி, குடலில் பிளாஸ்டிக் அடைத்துக் கிடந்த பசுவைக் காட்டி, "பொழைச்சிருமாம்மா?" என்று கேட்டார். மேடம் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், கண்ணைப் பிதுக்கிப் பார்த்தார். "பொழைக்காது. இருக்குற வரைக்கும் வலிக்காமப் பாத்துக்கிடுவோம்," என்றார். அந்த மனிதர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஊர் கூட்டிவிட்டார். வாயில் நல்ல வார்த்தையே வராதா, இது ஒரு டாக்டரா என்று ஒரே சத்தம். கூட்டம் கலைந்த பிறகு நான் சொன்னேன்: "மேடம், கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லலாம்லா?"

"பூசி மெழுகுறதுக்கு நான் என்ன கொத்தனாரா அண்ணாச்சி?" என்றார். ஆனால் அன்று மாலை அந்தச் சம்சாரியின் தொழுவத்துக்குப் போய், பசு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டார், அது கண்ணை மூடும் வரைக்கும் இருந்தார். அதற்குப் பிறகு அந்த மனிதர் தன் வீட்டு ஆட்டுக்குச் சளி பிடித்தால்கூட மேடத்தைத் தவிர வேறு யாரிடமும் காட்ட மாட்டார்.

பன்றி வளர்க்கிறவர்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்குவார்கள், இவர் மேலப்பாளையத்து டாக்டரம்மா என்பதால். ஒரு நாள் ஒருவர் சினைப்பன்றியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, உள்ளே வராமல் தெருவிலேயே நின்றார். மேடம் வெளியே வந்து பார்த்தார். "படிச்ச படிப்புல பன்னிக்கும் பாடம் இருந்துச்சு. உள்ள கொண்டாங்க," என்றார். சொந்தக்காரர்கள் சிலர் இதைக் கேள்விப்பட்டு முகம் சுளித்தார்களாம். அதையும் அவரே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "தொட்டாக் கழுவிக்கிடலாம் அண்ணாச்சி. சாக விட்டா எதைக் கொண்டு கழுவ?"

இனி அந்தப் பாம்பு விஷயத்துக்கு வருகிறேன். துறையில் எல்லோருக்கும் இது அரைகுறையாகத் தெரியும். மைமூன் டாக்டர் நல்ல பாம்பைக் கையில் பிடித்தார், கழுத்தில் போட்டார் என்று கதை கட்டிவிட்டார்கள். சுத்தப் புளுகு. பல்லி செத்துக் கிடந்தால்கூட என்னைக் கூப்பிட்டுத்தான் எடுத்துப் போடச் சொல்வார். அவ்வளவு தைரியசாலி.

இசக்கியம்மாள் என்று ஒருத்தி. ஆற்றோரத்தில் கொஞ்சம் வாழை, ஒரு காய்கறிப் பாத்தி, ஒரு கலப்பினப் பசு வைத்திருந்தாள். மகன் கோயம்புத்தூரில் வேலை. வீட்டில் அவளும் மருமகள் செல்வியும்தான். அந்த இசக்கியம்மாள் ஒரு நாள் காலையில் மேடத்துக்குப் போன் செய்தாள். "டாக்டரம்மா, நம்ம வயல்ல நல்லது வலையில மாட்டிக்கிட்டுக் கெடக்கு. ரத்தமா வருது, ஓடியாங்க!"

நம் பக்கத்து வயக்காட்டு ஜனங்கள் நல்ல பாம்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் வந்து நிற்குமாம். அதனால் வெறுமனே 'நல்லது' என்பார்கள். மேலப்பாளையத்துத் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த மேடத்துக்கு இது எப்படித் தெரியும்? இசக்கியம்மாளின் பசு அப்போது நிறைசினை. "அண்ணாச்சி, இசக்கியம்மாவோட நல்ல மாடு வலையில சிக்கிக்கிச்சாம், சீக்கிரம்," என்று அவசரப்படுத்தினார். கன்று இழுக்கிற கயிறு, தோள் வரை ஏறுகிற கையுறை, குளுக்கோஸ் பாட்டில் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு என் வண்டியில் பின்னால் ஏறினார். போனை நான் எடுத்திருந்தால் கதையே வேறு. சத்தமில்லாமல் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

வயலில் இறங்கியதும் மேடம், "மாடு எங்கம்மா?" என்று கேட்டார்.

"மாடா? அது தொழுவுல நிக்கி. இது நல்லதும்மா, நல்லது!" என்று இசக்கியம்மாள் பாத்திப் பக்கம் கையைக் காட்டினாள்.

மயில் தொல்லைக்காக அவள் பாத்தியைச் சுற்றி வலை கட்டியிருந்தாள். கூடங்குளத்துப் பக்கம் கடற்கரையிலிருந்து வருகிற பழைய மீன்வலை. அதில் பாதி உடம்பு வரைக்கும் சுருண்டு சிக்கிக் கிடந்தது நல்ல பாம்பு. திமிறத் திமிற நைலான் நூல் தோலைக் கிழித்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. எங்களைக் கண்டதும் படம் எடுத்தது. ஆனால் எடுத்த படத்தை நிறுத்த முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேடத்தைக் காணோம் என்று திரும்பிப் பார்த்தால், என் முதுகுக்குப் பின்னால் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "அண்ணாச்சி, இது நம்ம கேஸ் இல்ல. போயிருவோம்," என்று காதில் சொன்னார். எனக்கும் முழுச் சம்மதம்.

வரப்பில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "அடிச்சிருவோம் டாக்டரம்மா. பட்டுத் துணி சுத்தி, பாலூத்தி, முறையா எரிச்சிட்டாத் தோசம் கெடையாது," என்றார் ஒருவர். அப்போதுதான் மேடம் செல்வியைப் பார்த்தார். வளைகாப்புக்கு நாள் பார்த்திருந்த பெண். வாழை மரத்தடியில் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை. கண்ணை அந்தப் பாம்பை விட்டு எடுக்கவில்லை.

"நாங்க கட்டுன வலைம்மா," என்றாள் இசக்கியம்மாள். "இது செத்துதுன்னா எம் மருமவ வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்க மாட்டேங்கா."

மேடம் என் சட்டையை விட்டார். நேரே செல்வியிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "இந்தா பாரு, சாகாமப் பாக்குறதுக்கு என்னால ஆனதெல்லாம் செய்யுதேன். சாகாதுன்னு சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. நீ இப்போ வீட்டுக்குப் போயி ரெண்டு இட்லி தின்னணும். அது உன்னால ஆனது," என்றார். செல்வி எழுந்து போனாள்.

வனத்துறைக்குப் போன் போட்டோம். ஒரு வனக்காப்பாளர் கொக்கிக் கம்போடு வந்தார். வலையைச் சுற்றிலும் அறுத்து, பாம்பை அப்படியே பொட்டலமாகச் சாக்கில் வாங்கிக்கொண்டார். பக்கத்தில் வேறு மருத்துவர் இல்லை. சாக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தது. போகிற வழியில் நான் மேடத்திடம் கேட்டேன்: "இந்தத் தோசம் அது இதெல்லாம் நீங்க நம்புதியளா?"

"நான் நம்புறனா இல்லையாங்கிறதா இப்போ முக்கியம்? அந்தப் பிள்ளை நம்புது. அதுக்குச் சோறு இறங்கணும்லா," என்றார்.

உயிரியல் பூங்கா ஒன்றில் வேலை பார்த்த தன் வகுப்புத் தோழிக்குப் போன் செய்து, எப்படிப் பிடிப்பது, எவ்வளவு மருந்து என்று கேட்டுக்கொண்டார். கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கடையிலிருந்து வாங்கி வந்தோம். வனக்காப்பாளர் பாம்பின் தலையையும் முன்னுடம்பையும் குழாய்க்குள் ஏற்றி, பிதுங்கி வராமல் பிடித்துக்கொண்டார். காயம்பட்ட பகுதி மட்டும் மேஜைமேல். மேடம் கத்திரியைக் கையில் எடுத்தார். கோழிக்கு ஊசி போட்டாலும் சொல்வது போலவே "பிஸ்மில்லாஹ்" என்றார். நான் மருந்துத் தட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு இழையாகச் சதையிலிருந்து எடுத்தார், கழுவினார், தையல் போட்டார். முடிந்ததும் வெளியே போய் வாந்தி எடுத்தார்.

மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, காயம் ஆறும் வரை பாம்பை எங்களிடமே விட்டுவைத்தார் வனக்காப்பாளர். மூடியில் துளை போட்ட பெரிய பிளாஸ்டிக் டிரம்மில், மருந்தறையில் பூட்டுப் போட்டு வைத்தோம். மருந்து கட்டுகிற நாளெல்லாம் அவரே வந்து பிடித்துக் கொடுத்தார். அந்தப் பாம்பு இருந்த வரைக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் காலைத் தொங்கப் போட்டு உட்காரவில்லை.

இசக்கியம்மாள் தினமும் தூக்குவாளியில் பாலோடு வந்து நிற்பாள். பாம்பு பால் குடிக்காது என்று மேடம் சொன்னார். "குடிக்காட்டா என்ன, பக்கத்துல வைங்க," என்றாள். வாங்கி வைத்துவிட்டு மறுநாள் காலி வாளியைக் கொடுத்திருந்தால் அவள் குளிர்ந்து போயிருப்பாள். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். மேடம் என்ன சொன்னார் தெரியுமா? "இசக்கியம்மா, இந்தப் பாலை நாங்கதான் டீ போட்டுக் குடிக்கோம். உங்ககிட்ட மறைக்கக் கூடாது." இசக்கியம்மாள் தூக்குவாளியை மேஜைமேல் வைத்தாள். "அதைப் பாக்குறவுக நீங்க. நீங்க குடிச்சா அது குடிச்ச மாதிரிதான்," என்றாள். பாம்பு தயவில் எங்களுக்குக் கெட்டிப் பாலில் டீ கிடைத்தது.

காயம் வெளியே நன்றாகத்தான் ஆறிவந்தது. நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது, மூடியைத் திறந்தால் சீறியது. அது சீறினால் மேடத்துக்கு அவ்வளவு சந்தோஷம். மலையடிவாரத்தில் கொண்டு விடுவதற்கு வனக்காப்பாளர் நாள்கூடச் சொல்லிவிட்டார். செல்விக்கும் தகவல் போயிற்று. அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று இசக்கியம்மாள் வந்து சொன்னாள். விடப் போவதாக இருந்த அன்று காலையில் மூடியைத் திறந்தால் அது அசையவில்லை. மேடம் பயத்தையெல்லாம் மறந்து வெறுங்கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தார். உள்ளே சீழ் பரவியிருக்க வேண்டும். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு டிரம்முக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"மேடம், விட்டாச்சுன்னு சொல்லிருவோம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் வனக்காப்பாளர். நானும் அதையேதான் சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் நிம்மதியைவிட உண்மை என்ன பெரிய உண்மை? மேடம் எழுந்துபோனார். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "அண்ணாச்சி, வண்டியை எடுங்க," என்றார்.

செல்வி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "விட்டாச்சாம்மா?" என்று கேட்டாள். மேடம் நின்றபடியே, "இல்ல தாயி. இன்னிக்குக் காலையில அது செத்துப்போச்சு," என்றார். சுளகு கையிலிருந்து நழுவியது. இசக்கியம்மாள் உள்ளேயிருந்து ஓடிவந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

மேடம் இருவரையும் உட்கார வைத்தார். "நான் சொல்லுததை முழுசாக் கேளுங்க. உங்க வலையில அது சாகல. உயிரோட எடுத்து என் கையில குடுத்தீங்க. வாங்குனவ நான். அதைக் காப்பாத்த முடியாமப் போனவளும் நான். யாராவது கேக்கணும்னா என்னையக் கேக்கட்டும். உங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாது. பழின்னு ஒண்ணு இருந்தா அது எனக்கு. நான் ஏத்துக்கிட்டேன்."

இசக்கியம்மாள் அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "நீங்க வேற வழியில கும்பிடுதவுக. உங்களை அது ஒண்ணும் செய்யாதும்மா," என்றாள். யாருக்கு ஆறுதல் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. "அப்போ ரெண்டு பக்கமும் கவலை இல்ல," என்று மேடம் செல்வியின் முதுகைத் தடவினார். மதியம் வரை அங்கேயே இருந்தார். செல்வி ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டு முடித்த பிறகுதான் கிளம்பினோம்.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய் வீட்டிலிருந்து திரும்பியதும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்து காட்டினார்கள். கன்றுக்குட்டியை நிறுக்கிற தராசில் அதை நிறுத்திப் பார்த்துவிட்டு, "நல்ல கொழுகொழுன்னு இருக்கு, சந்தைக்கு அனுப்பலாம்," என்றார் மேடம். இசக்கியம்மாள் அவர் கன்னத்திலேயே ஒரு இடி இடித்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனாலும் அன்று பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லி மேடத்தோடு சண்டை போடுவேன்.

பிறகு அவருக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. வழக்கம்போல மூடி மறைக்காமல் எல்லோரிடமும் பெயரைச் சொல்லியே சொன்னார். செய்தி ஆற்றோரத்துக்கும் போயிற்று. இசக்கியம்மாள் என் வீட்டுக்கு வந்து, தன்னை மேலப்பாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். முடியெல்லாம் கொட்டி, தலையில் துணி சுற்றிக் கட்டிலில் சாய்ந்திருந்தவரைக் கண்டதும் அவள் தரையில் உட்கார்ந்து அரற்றத் தொடங்கினாள். "எங்க பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீங்களேம்மா. உங்களை ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன். ஒட்டிக்கிடுச்சே!"

இதற்குத்தான் அன்றே பொய் சொல்லியிருக்கலாம் என்றேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மேடம் சிரித்தார். சிரிக்கும்போது இருமல் வந்தது. "ஏம்மா, நம்ம மேலப்பாளையத்துல அட்ரஸ் தெரிஞ்ச மனுசனே வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. பாம்பு கண்டுபிடிச்சுதாக்கும்?" என்றார். அவள் அழுகை நிற்கவில்லை. மேடம் அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நல்லாக் கேளுங்க. இதே நோய் எங்களைப் பெத்த உம்மாவுக்கு வந்துச்சு. உம்மா கூடப் பொறந்தவளுக்கும் வந்துச்சு. இது எங்க வீட்டுச் சொத்து. உங்க பாம்புக்கு இதுல பங்கு கெடையாது."

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அடக்கத்துக்கு ஆற்றோரத்து ஜனங்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் தோளில் துண்டோடு தெரு முக்கில் நின்றோம். உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கி வரும்போது அபூபக்கர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நானும் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தேன். அவ்வளவு பேசுகிற மனுஷி, கனமே இல்லை. மையவாடியில் மண் தள்ளி முடிந்து திரும்பும்போது, வேனுக்குப் பக்கத்தில் இசக்கியம்மாள் தனியாக என்னிடம் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். அம்மா அந்த நோயைப் பத்தி அன்னைக்கிச் சொன்னது நெசந்தானா? இல்ல எம் மனசு நோவக் கூடாதுன்னு சொன்னதா?"

யோசிக்காமலே கேட்டுவிட்டேன். "மனசு நோவக் கூடாதுன்னு அவுக என்னைக்காவது உங்ககிட்டப் பொய் சொல்லியிருக்காவளா?"

அவள் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இல்ல," என்றாள். "நல்லது செத்ததையே வீடு தேடி வந்து சொன்னவுகல்லா." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அப்போ இதும் நெசந்தான்," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

வேன் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். அன்றைக்கு நாங்கள் பொய் சொல்லியிருந்தால், இன்றைக்கு அந்த மனுஷிக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இருந்திருக்காது. மேடத்தோடு போட்ட சண்டையில் நான் தோற்றது அங்கேதான். அதைச் சொல்லிச் சிரிக்க அவர் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் என்னைக் கண்டால் மாட்டைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. பொழைக்குமா அண்ணாச்சி என்று கேட்கிறார்கள். இப்போதெல்லாம் தெரிந்ததைச் சொல்லுகிறேன். சொன்னதும் கிளம்பிவிடாமல், அவர்களோடு தொழுவத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.